காது நன்றாக இருக்கிறது, வலி மட்டும் போகவில்லை: காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி 58 வயதுப் பெண். காரைக்குடியை அடுத்த ஓர் ஊரில், தன் பெரிய வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் பலகாரம் போட்டு விற்கிறார். கல்யாணச் சீர், தீபாவளி, பிள்ளையார் நோன்பு என்று வருடம் முழுக்க ஆர்டர் இருக்கும். நாலைந்து பெண்கள் உடன் வேலை பார்க்கிறார்கள். சர்க்கரையும் பிரஷரும் உண்டு, இரண்டுக்கும் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறார். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஊரே அவரை ஆச்சி என்று கூப்பிடுகிறது. இங்கேயும் ஆச்சி என்றே வைத்துக்கொள்வோம்.

வந்த தொந்தரவு: இடது காதில் வலி, கூடவே அடைப்பு. ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வலி எப்போதும் ஒரே மாதிரி இல்லை. காலையில் மந்தமாக இருக்கும், மாலையில் குத்தும், சில ராத்திரி நெற்றிப்பொட்டு வரை ஏறும். அடைப்போ ஓயாமல் இருக்கும். "கிணத்துக்குள்ள இறங்கி நின்ன மாதிரி கும்முன்னு இருக்கு தம்பி" என்றார். காதிலிருந்து எதுவும் ஒழுகவில்லை. தலைச்சுற்றல் இல்லை. பேச்சு நன்றாகவே கேட்கிறது.

எங்களிடம் வருவதற்கு முன் அவர் பார்த்த மருத்துவர்கள், எடுத்த ஸ்கேன்கள், சாப்பிட்ட மருந்துகள் எல்லாம் ஒரு மஞ்சப்பை நிறைய இருந்தன. அதைக் கவிழ்த்துவிட்டு அவர் சொன்னது: "எல்லாருமே காது நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டாக. அப்ப வலிக்கிறது யாரு காது?"

நியாயமான கேள்வி. இந்த ஆய்வை எழுதுவதே அந்தக் கேள்விக்காகத்தான்.

வலி எப்படி ஆரம்பித்தது

சிங்கப்பூரில் மகன் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டுத் திருச்சிக்கு விமானத்தில் திரும்பியிருக்கிறார். கிளம்பும்போதே நல்ல சளி. விமானம் இறங்கத் தொடங்கியதும் இடது காதில் உயிர் போகிற வலி, இறங்கியபின் அடைப்பு.

இதில் மர்மம் எதுவும் இல்லை. மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்கு யூஸ்டேஷியன் குழாய் என்று ஒன்று போகிறது. பெரியவர்களுக்கு மூன்றரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும். சாதாரணமாக மூடியே கிடக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறந்து, உள்ளே இருக்கும் காற்றை வெளிக்காற்றோடு சமன் செய்யும். விமானம் பறக்கும்போது கேபினுக்குள் இருக்கும் அழுத்தம் ஆறாயிரம் எட்டாயிரம் அடி உயர மலைமேல் இருப்பதற்குச் சமம். இறங்கும்போது வெளி அழுத்தம் கூடிக்கொண்டே வரும். சளியால் வீங்கிய குழாய் திறக்காவிட்டால் செவிப்பறை உள்ளே இழுபடும், சில சமயம் நீரும் கோக்கும். ஆச்சிக்கு அதுதான் நடந்தது. அப்போது பார்த்த மருத்துவர் பறை சிவந்திருப்பதாகவும் உள்ளே நீர் இருப்பதாகவும் எழுதியிருக்கிறார். இரண்டு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் நீர் வடிந்துவிட்டது, பறை பழைய நிலைக்கு வந்துவிட்டது.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. வலி நீடித்ததும் ஒவ்வொரு இடத்திலும் ஏதோ ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்: ஆன்டிபயாடிக் பல சுற்று, மூக்கு ஸ்ப்ரே மாதக்கணக்கில், காதுச் சொட்டு நாலைந்து வகை. ஓர் ஆஸ்பத்திரியில் தலை ஸ்கேன் எடுத்துவிட்டு "நரம்புக்கு வயசாயிடுச்சு" என்று அனுப்பியிருக்கிறார்கள். நரம்புக்கு வயசானால் காது வலிக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

நடுவில் வீட்டு வைத்தியமும் நடந்தது. நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாகக் காதில் விடுவது. சூடு இதமாக இருந்திருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் சர்க்கரை உள்ளவர் காதில் வாரக்கணக்காக எண்ணெய் தேங்கினால் பூஞ்சை வராமல் என்ன செய்யும்?

பரிசோதனை

முதல் நாள் இடது காதுக்குள் பார்த்தபோது எண்ணெய்ப் பிசுக்கும் அழுக்கும், அதன்மேல் கறுப்புப் புள்ளிகளோடு பூஞ்சையும் இருந்தன. உறிஞ்சு குழாயால் சுத்தம் செய்து, பூஞ்சைக்கான சொட்டு மருந்து கொடுத்து, எண்ணெய், பட்ஸ், ஹேர்பின் மூன்றையும் நிறுத்தச் சொன்னோம். அடுத்த முறை வந்தபோது அரிப்பு போயிருந்தது. வலியும் அடைப்பும் அப்படியே இருந்தன. பூஞ்சை வழியில் வந்து சேர்ந்த தொந்தரவு, அவ்வளவுதான்.

இப்போது பறை தெளிவாகத் தெரிந்தது: பளபளப்பாக, இழுபடாமல், நீர் இல்லாமல். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கச் சொன்னால் அசைகிறது. ட்யூனிங் ஃபோர்க் சோதனையில் இரண்டு காதும் சமம். கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராமில் உயர் ஒலிகளில் மட்டும் கொஞ்சம் குறைவு, அதுவும் இருபக்கமும் ஒரே அளவில். இந்த வயதில் எதிர்பார்ப்பதுதான். டிம்பனோமெட்ரியில் நடுக்காது அழுத்தம் பூஜ்யத்தை ஒட்டியே இருந்தது, அதாவது வெளிக்காற்றோடு சமம். ஆக, அடைத்திருப்பதாக அவர் சொல்லும் காதில் அடைப்பு எதுவும் இல்லை.

இந்த இடத்தில் இரண்டு வகைத் தவறு நடக்கும். ஒன்று, "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுவது. மற்றது, ஏதாவது கொடுத்துவைப்போம் என்று இன்னொரு சொட்டு மருந்து எழுதுவது. சரியான வேலை காதைவிட்டு வெளியே வந்து தேடுவது.

காதுக்கு உணர்வு கொடுக்கும் நரம்புகள் பல. மூளையிலிருந்து நேராக வருபவற்றில் ஐந்தாவது, ஏழாவது, ஒன்பதாவது, பத்தாவது நரம்புகள். போதாததற்குக் கழுத்திலிருந்து இரண்டு. இவையே பல், தாடை, நாக்கு, டான்சில், குரல்வளை, கழுத்து எல்லாவற்றையும் கவனிக்கின்றன. ஒரே வளவில் நாலு புள்ளி, அதாவது நாலு குடும்பம், குடியிருந்து வாசலில் ஒரே மணி தொங்கினால், மணி அடிப்பது யாருக்கு என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. மூளைக்கும் இதே குழப்பம்தான். தொண்டையில் இருக்கும் புண்ணைக் காதில் உணரும்.

அதனால் பறை நன்றாக இருந்து, ஒரு பக்கக் காது மட்டும் வலிக்கிற பெரியவர் யாராக இருந்தாலும் தொண்டையைப் பார்க்காமல் விடக்கூடாது. நாக்கின் அடிப்பகுதி, டான்சில், குரல்வளை ஆகியவற்றில் வரும் புற்றுநோய் சிலருக்கு முதலில் காது வலியாகவே தெரியும். ஆச்சி வெற்றிலை பாக்குப் போடுகிறவர் வேறு. புகையிலை கிடையாது என்றார், மருமகளும் ஆமாம் என்றார். ஆனால் பாக்கு ஒன்றே போதும்: சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் வெளியிட்ட தொகுதியில், புகையிலை சேராத பாக்கையும் மனிதர்களுக்குப் புற்றுநோய் தருவது என்று வகைப்படுத்தியிருக்கிறது. எண்டோஸ்கோப்பியால் மூக்கின் பின்புறம் தொடங்கிக் குரல்வளை வரை பார்த்தோம். நாக்கைத் தடவிப் பார்த்தோம், கழுத்தில் கட்டி தேடினோம். எதுவும் இல்லை.

பாக்கில் இன்னொரு சங்கதி உண்டு. நாள்பட மெல்பவர்களுக்கு வாயின் உட்சதை இறுகி, நார் நாராகி, வாய் திறப்பது குறையும். அண்ணத்துத் தசைகளும் இறுகும். யூஸ்டேஷியன் குழாயைத் திறப்பதே அந்தத் தசைகள்தான். அவை இறுகினால் காது அடைக்கும். ஆச்சிக்கு வாய் குறைவாகத்தான் திறந்தது, முன்பற்களுக்கு நடுவே 30 மில்லிமீட்டர். பெரியவர்களுக்குச் சாதாரணமாக 40-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். ஆனால் கன்னத்துக்குள் விரல் விட்டுப் பார்த்தால் நார்ப்பட்டை எதுவும் தட்டவில்லை. உள்நாக்கும் சுருங்கவில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக் கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக உதவினால் 38 வரை திறந்தது. அப்படியானால் வாயைக் கட்டிப்போட்டிருப்பது இறுகிய சதை அல்ல, வலி.

அதற்கப்புறம் விடை கிடைக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. காதுத் துளைக்கு நேர் முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடச் சொன்னேன். இடப்பக்கம் ஒரு சொடுக்கு. தாடை நேராக இறங்காமல் இடதுபக்கம் ஒதுங்கி இறங்கியது. கன்னத்துத் தசையை, தாடை எலும்பின் கோணத்துக்குச் சற்று மேலே, கட்டைவிரலால் அழுத்தியதும் ஆச்சி என் கையைத் தட்டிவிட்டார். "இதேதான் தம்பி. இந்த வலிதான்."

அழுத்தியது கன்னத்தில், வலித்தது காதில். வாய்க்குள் பார்த்தால் வலதுபக்கக் கடைவாய்ப் பற்கள் பல வருடத்துக்கு முன்பே எடுக்கப்பட்டிருந்தன, மெல்வதெல்லாம் இடப்பக்கம்தான். இடப்பக்கப் பற்களின் முனைகள் தேய்ந்திருந்தன. ராத்திரி பல்லைக் கடிக்கிறார் என்று மருமகள் சொன்னார். ஆச்சி ஒப்புக்கொள்ளவில்லை.

ஐம்பது தாண்டியவர் மெல்லும்போது தாடை வலிக்கிறது என்றால் கேட்டே ஆகவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பொட்டுப் பக்கம் தலைவலி, தலை சீவினால் உச்சி வலிப்பது, பார்வை மங்குவது ஏதாவது உண்டா? பொட்டு நரம்பு வீக்கம் என்று நாம் பேச்சில் சொன்னாலும் உண்மையில் அது ரத்தக்குழாய் அழற்சி. அரிது, ஆனால் விட்டுவிட்டால் கண் போகும். ஆச்சிக்கு அப்படி எதுவும் இல்லை. அழற்சி இருந்தால் ஏறும் ஈஎஸ்ஆர் என்ற ரத்தப் பரிசோதனையும் சாதாரணமாக இருந்தது.

முடிவு: இடது தாடை மூட்டும் மெல்லும் தசைகளும் சேர்ந்து தரும் வலி, காதில் உணரப்படுகிறது. இதைக் கண்டுபிடித்த பெருமை எனக்கு வேண்டாம். அமெரிக்காவில் ஜேம்ஸ் காஸ்டன் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் 1934-லேயே தாடை மூட்டையும் காதுத் தொந்தரவையும் இணைத்து எழுதிவிட்டார். காரணமாக அவர் சொன்னது பின்னால் தவறென்று ஆனது. கவனித்தது சரி.

கணக்கு நோட்டு

தாடைதான் காரணம் என்றதும் ஆச்சி நம்பவில்லை. விமானத்தில் வந்த வலிக்கும் தாடைக்கும் என்ன சம்பந்தம்? விவாதம் செய்வதைவிட எழுதிப் பார்ப்பது நல்லது என்று, வலியைப் பத்துக்கு எத்தனை என்று தினமும் குறிக்கச் சொன்னேன். அவர் தனி நோட்டு போடவில்லை. ஆர்டர் கணக்கு எழுதும் நீள நோட்டிலேயே வலது ஓரத்தில் ஒரு கோடு இழுத்து வலியையும் வரவு வைத்துவிட்டார். அடுத்த முறை கொண்டுவந்த பக்கம் இப்படி இருந்தது:

வியாழன். தேன்குழல், கைமுறுக்கு. வலி 6, ராத்திரி 8.
வெள்ளி. சீப்புச் சீடை. வலி 8.
சனி. கோவில். வலி 5.
ஞாயிறு. மாவுருண்டை, அதிரசம். வலி 3.
திங்கள். அதிரசம். வலி 3.

நான் எதுவும் சொல்வதற்கு முன் மருமகள் சொல்லிவிட்டார்: "ஈட்டுக்கு ஈடு அத்தை ஒண்ணு வாயில போட்டுப் பாப்பாக." எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுக்கிற ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு முறுக்கு, ஒரு சீடை. மொறுமொறுப்பு சரியாக இருக்கிறதா என்று கடித்துப் பார்க்காமல் டின்னில் அடைக்கமாட்டார். கல்யாண சீசனில் ஒரு நாளைக்கு எத்தனை ஈடு என்று அவரே எண்ணியதில்லை. எல்லாம் இடப்பக்கக் கடைவாயில். நடுநடுவே பாக்கு. ராத்திரி தூக்கத்தில் மறுபடி கடி.

விமானத்துக் காது வலி வந்த மாதங்களில் அவர் முகத்தை இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். வலி உள்ள பக்கம் தசையை இறுக்குவது எல்லோரும் செய்வதுதான். ஏற்கெனவே ஒற்றைப் பக்கமாக உழைத்துக்கொண்டிருந்த தாடைக்கு அது மேல்பாரம். முதல் காரணம் போனபின்னும் இரண்டாவது காரணம் அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டது. என் கணிப்பு இது. நோட்டு அதற்கு ஒத்துப்போகிறது.

சிகிச்சை

ஆன்டிபயாடிக்கையும் காதுச் சொட்டையும் நிறுத்தினோம். மூக்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரேயையும். ஒவ்வாமைச் சளி உள்ளவர்களுக்கு அது நல்ல மருந்து. இவருக்கு அந்தத் தொந்தரவே இல்லை.

தாடைக்கு ஓய்வு கொடுப்பதுதான் அடிப்படை. எலும்பு கடிப்பது, பாக்கு, சீடை எல்லாம் கொஞ்ச காலம் கூடாது. செட்டிநாட்டுச் சமையலில் மெல்லாமலே வயிறு நிறைய ஆயிரம் வழி உண்டு: இடியாப்பம், வெள்ளைப் பணியாரம், பால் பணியாரம், கும்மாயம். சர்க்கரை இருப்பதால் இனிப்பில் கை வைக்க வேண்டாம் என்றேன். "அப்ப பாதிய அடிச்சிட்டீக" என்றார்.

பதம் பார்க்கும் வேலைதான் பெரிய சிக்கல். அதை மருமகளிடம் ஒப்படைக்க ஆச்சிக்கு மனம் வரவில்லை. கடைசியில் ஒரு சமரசம்: கையால் ஒடித்து, சத்தம் கேட்டுப் பதம் சொல்வது. சந்தேகம் வந்தால் மட்டும் மருமகள் கடிப்பார். காது மருத்துவராக இதில் எனக்கு ஒரு திருப்தி. வலிக்கிற காதையே வேலைக்கு வைத்துவிட்டோம்.

வீட்டில் செய்யச் சொன்னவை எளிமையானவை. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கன்னத்தில் பதினைந்து இருபது நிமிடம், காலையும் படுக்கப்போகும் முன்னும். பகலில் தாடையை எப்படி வைத்துக்கொள்வது என்பது அதைவிட முக்கியம்: உதடு மூடியிருக்கும், பற்கள் ஒன்றையொன்று தொடாது, 'ன்' என்று சொல்லும்போது நாக்கு மேலே தொடுமே, அந்த இடத்தில் நாக்கு நிற்கும். சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட வேண்டிய அவசியமே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. அடுப்படிச் சுவரில் மருமகள் ஒரு பொட்டு ஒட்டிவைத்தார்; அது கண்ணில் படும்போதெல்லாம் பல்லைத் தளர்த்த வேண்டும். அப்புறம், நாக்கை அந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு கண்ணாடி முன் நேராக, மெதுவாக வாயைத் திறந்து மூடும் பயிற்சி.

மருந்து என்று பார்த்தால், பிரஷரும் சர்க்கரையும் உள்ளவருக்கு ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரையை நாள்கணக்கில் கொடுக்க நான் விரும்பவில்லை. சிறுநீரகத்தையும் யோசிக்க வேண்டும். பாராசிட்டமால், கன்னத்தில் டைக்ளோஃபெனாக் ஜெல். ராத்திரி வலிக்கும் தூக்கத்துக்கும், ஈசிஜி பார்த்துவிட்டு, அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம். வாய் உலர்ந்தது, காலையில் கொஞ்சம் மந்தம் இருந்தது, ஆனால் தூக்கம் வந்தது. சில மாதத்தில் நிறுத்திவிட்டோம். பல் மருத்துவர் ராத்திரி பல்லின் மேல் மாட்டிக்கொள்ள ஒரு உறை (நைட் கார்டு) செய்து கொடுத்தார். அது எல்லோருக்கும் பலன் தரும் என்று சொல்ல முடியாது. பல் தேய்வதையாவது தடுக்கும்.

அடைப்பு என்னும் உணர்வு

வலி குறையத் தொடங்கியபின்னும் அடைப்பு அடம்பிடித்தது. கவனித்தால், ஆச்சி பேசிக்கொண்டிருக்கும்போதே மூக்கைப் பிடித்துக் காதுக்குள் காற்றை ஊதிப் பார்க்கிறார். ஒரு நிமிடம் "திறந்துச்சு" என்கிறார், மறுபடி ஊதுகிறார். விமானத்தில் கற்றுக்கொண்ட பழக்கம். அழுத்தம் சமமாக இருக்கும் காதில் ஓயாமல் ஊதினால் பறை வெளியே தள்ளும், அதுவே ஒரு கும்மென்ற உணர்வைத் தரும், அதைச் சரிசெய்ய மறுபடி ஊதத் தோன்றும். அதை முழுசாக நிறுத்தச் சொன்னோம். ஊதத் தோன்றினால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட வேண்டும்.

டிம்பனோமெட்ரி வரைபடத்தை அவரிடமே காட்டி, இரண்டு காதுக்கும் மலை போன்ற வளைவு ஒரே இடத்தில் நிற்பதைப் பார்க்கவைத்தேன். அடைப்பு உணர்வு உண்மை, அடைப்பு இல்லை. தாடைத் தசைகளைக் கவனிக்கும் அதே நரம்புதான் நடுக்காதில் பறையை இழுத்துப் பிடிக்கும் ஒரு சின்னத் தசையையும் கவனிக்கிறது, தாடை இறுகும்போது அதுவும் இறுகலாம் என்று விளக்கினேன். மூளையில் கட்டி என்று தனக்குள் முடிவு செய்து வைத்திருந்ததை அன்றைக்குத்தான் சொன்னார். அந்தப் பயத்தோடு ஒரு வருடம் படுத்து எழுந்தவருக்கு ராத்திரி பல் கடிக்காமல் என்ன செய்யும்?

மகன் தினமும் சிங்கப்பூரிலிருந்து போன் செய்து முதல் கேள்வியாகக் காது எப்படி இருக்கிறது என்று கேட்பார். பாசம்தான். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு முறை காதைத் துருவிப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை மட்டும் கேட்காதீர்கள், வேறு என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று அவரிடம் சொல்லியாயிற்று.

இப்போதைய நிலை

வலி போய்விடவில்லை. பெரும்பாலான நாட்களில் நோட்டில் 2 அல்லது 3. வாய் 40 திறக்கிறது. சொடுக்கு இருக்கிறது, வலிக்காத சொடுக்குக்கு வைத்தியம் தேவையில்லை. தை மாத முகூர்த்தங்களின்போது ஒரு வாரம் மறுபடி 7-க்குப் போனது. அந்த வாரத்துக்கு என்ன செய்வது என்று முன்பே எழுதி வைத்திருந்தோம்: மூன்று நாள் மெல்லாத சாப்பாடு, ஒத்தடம் மூன்று வேளை, ஜெல், ஆன்டிபயாடிக் கூடாது, புது மருத்துவரிடம் ஓடக்கூடாது. பத்து நாளில் இறங்கிவிட்டது.

எப்போது ஓடி வரவேண்டும் என்பதும் அதே தாளில் இருக்கிறது. திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே; அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சையில் ஒவ்வொரு நாளும் முக்கியம். காதில் சீழ், முகம் ஒருபக்கம் கோணுவது, குரல் கம்மல் மூன்று வாரம் தாண்டுவது, விழுங்கச் சிரமம், கழுத்தில் கட்டி. சர்க்கரை உள்ளவர் என்பதால் இன்னொன்று: காது ஒழுக்கோடு ராத்திரி தூங்கவிடாத வலி வந்தால் அது எலும்பு வரை போகும் தொற்றாக இருக்கலாம், சொட்டு மருந்தோடு காத்திருக்கக்கூடாது.

நடுவில் மறுபடி சிங்கப்பூர் போய்வந்தார். சளி இருந்தால் டிக்கெட்டை மாற்றிவிட வேண்டும் என்பது நிபந்தனை. பிரஷர் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, இறங்க அரை மணி முன் மூக்கின் வீக்கத்தைக் குறைக்கும் ஆக்ஸிமெடசோலின் சொட்டு. இறங்கும்போது தூங்காமல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குவது. போகும்போதும் வரும்போதும் தொந்தரவில்லை.

பாக்கை முழுசாக விடவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப்பின் வெற்றிலை மட்டும் என்று சொல்கிறார். மருமகள் பேசாமல் இருக்கிறார். அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வாயையும் தொண்டையையும் பார்க்கிறோம். வலதுபக்கம் பல் கட்டினால்தான் இடப்பக்கத்துப் பாரம் உண்மையில் குறையும். ஆனி முகூர்த்தங்களுக்கு முன் முடித்துவிடலாம் என்று பல் மருத்துவர் நாள் கொடுத்திருக்கிறார். ஆச்சி ஆவணி கழியட்டும் என்கிறார்.